ஒமாஹா ஹை-லோ: காசு எங்கே ஒழுகுகிறது?

ஒமாஹா ஹை-லோ ஒரு போக்கர் வகை. நடுவில் சேரும் பணம், அதாவது பாட், பாதி மிகப் பெரிய கைக்கும் (ஹை), பாதி மிகச் சின்னக் கைக்கும் (லோ) போகும். சின்ன மேஜைகளில் இதை ஆடத் தொடங்கியவர்கள் எனக்கு அனுப்பும் ஹேண்ட் ஹிஸ்டரிகளை, அதாவது ஆடிய கைகளின் பதிவுகளைப் பார்த்தால், ஆள்தான் மாறியிருப்பார். புகார் அதே ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் புகார்வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாவற்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். ஹோல்டெம் ஓரளவு தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம்

ஒன்று, சட்டம். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்கிறது. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று வருஷக்கணக்காக நீதிமன்றங்களில் நடந்த வாதம் அங்கே எடுபடாது. திறமை ஆட்டமும் அந்தத் தடைக்குள் வருகிறது. ஆகவே இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பிளே-மணி (நிஜக் காசில்லாத) மேஜைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வி.பி.என். போட்டு வெளிநாட்டுத் தளத்துக்குள் நுழைகிற வேலை வேண்டாம். பணத்தை எடுக்கப் போகும்போது அடையாள அட்டை கேட்பார்கள், அங்கே மாட்டும். சிங்கப்பூரிலும் உரிமமில்லாத தளத்தில் ஆடுவது குற்றம். பிரிட்டன், கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் உரிமம் பெற்ற தளங்கள் உண்டு. உங்கள் தளத்துக்கு உரிமம் கொடுத்தது யார் என்று முதல் பக்கத்தின் அடியில் பாருங்கள். அது இல்லையென்றால் கீழே உள்ள எதுவும் உங்களுக்கு உதவாது.

இரண்டாவது, ஹேண்ட் ஹிஸ்டரியைக் கணினியில் சேமிக்கும் வசதியை இன்றே ஆன் செய்யுங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லும் கதையில் எப்போதும் எதிராளிக்கு மட்டுமே அதிர்ஷ்டம் அடிக்கும். பதிவை எடுத்துப் பார்த்தால் வேறு கதை இருக்கும்.

கீழே வரும் கணக்கெல்லாம் 1 சென்ட் - 2 சென்ட் பாட்-லிமிட் மேஜையை, அதாவது பாட்டின் அளவுக்கு மேல் ஏற்ற முடியாத மேஜையை மனதில் வைத்துச் சொல்வது. அங்கே முழு பை-இன், அதாவது உட்காரும்போது கொண்டுபோகும் பணம், 2 டாலர்.

புகார் 1: "ஜெயித்தது நான், பாட் போனது அவனுக்கு"

புதிதாக வந்தவர்களின் முதல் வாரப் புகார் இதுதான். தளத்தின் மென்பொருள் சீட்டைத் தப்பாகப் படித்ததாக இதுவரை ஒரு கை கூட என்னிடம் வந்ததில்லை. நாம்தான் தப்பாகப் படித்திருப்போம்.

விதி ஒன்றுதான்: கையிலிருக்கும் நான்கில் சரியாக இரண்டு, போர்டில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் இருக்கும் ஐந்தில் சரியாக மூன்று. ஹைக்கும் இதே விதி, லோவுக்கும் இதே விதி. ஹைக்கு எடுத்த அதே இரண்டு சீட்டைத்தான் லோவுக்கும் எடுக்க வேண்டும் என்று இல்லை.

"அண்ணே, ஏஸ் ஃப்ளஷ் அடிச்சேன், பாதிதான் குடுத்தான்" என்று ஒரு தம்பி அனுப்பிய கை இது. கையில் ஸ்பேடு ஏஸ், ஹார்ட் கிங், கிளாவர் 9, டைமண்ட் 3. போர்டில் ஸ்பேடு ஜாக், 8, 6, 2 என்று நான்கு ஸ்பேடு, கூட ஒரு டைமண்ட் 10. ஹோல்டெமில் இது அசைக்க முடியாத ஃப்ளஷ். இங்கே கையில் ஒரே ஸ்பேடு இருப்பதால் ஃப்ளஷே கிடையாது. ஹையில் அவரிடம் ஒரு ஜோடி கூட இல்லை. பாதி பாட் வந்ததே அவர் கவனிக்காத லோவால்தான். கையிலிருந்து ஏஸ், 3, போர்டிலிருந்து 8, 6, 2 சேர்ந்து அந்த போர்டில் சாத்தியமான மிகச் சிறந்த லோ ஆகிவிட்டது. இதைத்தான் நட் லோ என்கிறோம். இல்லாத ஃப்ளஷை நம்பி ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி), தெரியாமல் இருந்த லோவால் பிழைத்திருக்கிறார்.

இதே குடும்பத்தில் வரும் மற்ற வழுக்கல்கள்:

*போர்டில் 9-9-9-கிங்-4, கையில் ஒரு கிங்.* ஹோல்டெம் பழக்கத்தில் ஃபுல் ஹவுஸ் என்று தோன்றும். கிடையாது. கையிலிருந்து இரண்டு சீட்டு இறங்கியாக வேண்டும் என்பதால் கையிலேயே ஒரு ஜோடியோ, நான்காவது 9-ஓ இல்லாவிட்டால் வெறும் மூன்று 9-தான்.

*கையில் மூன்று ஏஸ்.* பார்க்க அழகாக இருக்கும். அதில் ஒன்று செத்த சீட்டு.

*போர்டில் எட்டும் அதற்குக் கீழும் மூன்று வெவ்வேறு சீட்டு இல்லை.* அப்படியானால் யாருக்கும் லோ இல்லை, ஹை முழுப் பாட்டையும் எடுக்கும். கையில் ஏஸ்-2-3-4 இருந்தாலும் இதுதான் நிலைமை.

*கையில் ஏஸ்-2-ஜாக்-குயின், போர்டில் 2-5-7-கிங்-கிங்.* இங்கே உங்களுக்கு லோவே இல்லை. உங்கள் 2-ம் போர்டின் 2-ம் ஜோடியாகிவிட்டன, லோவில் ஜோடி சேராது. இதைத்தான் கவுண்டர்ஃபீட் ஆனது என்பார்கள். ஏஸ்-2-வோடு ஒரு 3 ஏன் தங்கம் என்பது இங்கே புரியும்.

*இரண்டு பேருக்கு லோ, யாருடையது சின்னது?* பெரிய சீட்டிலிருந்து வரிசையாக எழுதி ஒரே எண்ணாகப் படியுங்கள். 7-5-4-2-ஏஸ் என்றால் 75421. எதிராளியுடையது 7-6-3-2-ஏஸ், அதாவது 76321. சின்ன எண் ஜெயிக்கும். ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் லோவைக் கெடுக்காது. ஏஸ்-2-3-4-5 மிகச் சிறந்த லோவாகவும் இருக்கும், ஹையில் ஸ்ட்ரெய்ட்டாகவும் நிற்கும்.

சோதனை: ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். நான்கு கை, ஒரு போர்டு போடுங்கள். ஒவ்வொரு கைக்கும் ஹை எது, லோ எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த போர்டில் நட் லோவுக்கு எந்த இரண்டு சீட்டு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். யோசிக்காமல் வாயில் வரும்வரை பண மேஜைக்குப் போகாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மாலை ஒன்று போதும்.

இதற்குப் பிறகும் ஒரு கை விளங்கவில்லை என்றால் கை எண்ணோடு தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம். எழுதுவதற்கு முன் கையிலிருந்து இரண்டு என்பதை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

புகார் 2: "நட் லோ வைத்திருந்தேன், ஆனாலும் நஷ்டம்"

இங்கே கொஞ்சம் நிற்போம். சின்ன மேஜைகளில் அதிகம் பேர் காசு விடும் இடம் இதுதான், விடுகிறோம் என்றே தெரியாமல் விடும் இடமும் இதுதான்.

உங்களிடம் ஏஸ்-2. இன்னொருவரிடமும் ஏஸ்-2. லோவின் பாதியை இருவரும் பிரித்துக்கொள்கிறீர்கள். உங்களுக்குக் கிடைப்பது பாட்டில் கால். கணக்கைப் பாருங்கள்:

இரண்டே பேர், ஆளுக்கு 1 டாலர் போட்டது. பாட் 2 டாலர், உங்கள் கால் 50 சென்ட். பாதிக் காசு போச்சு.

மூன்று பேர். பாட் 3 டாலர், கால் 75 சென்ட். 25 சென்ட் நஷ்டம்.

நான்கு பேர். பாட் 4 டாலர், கால் 1 டாலர். போட்டது திரும்பியது, ரேக் (தளம் எடுக்கும் பங்கு) மட்டும் நஷ்டம்.

ஐந்து பேர் இருந்தால்தான் கால் பங்கிலும் லாபம்.

"இன்னொருவரிடமும் அதே ஏஸ்-2 இருப்பது எத்தனை முறை நடக்கப்போகிறது?" என்று கேட்பார்கள். உங்கள் கையில் ஓர் ஏஸ்-2 இருக்கும்போது, ஒன்பது பேர் மேஜையில் இன்னொருவருக்கும் அது விழுந்திருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆறு பேர் மேஜையில் ஐந்தில் ஒன்று. சின்ன மேஜையில் ஏஸ்-2-ஐ ஃபோல்டு செய்யும் (கையை விட்டுவிடும்) ஆளை நான் பார்த்ததில்லை. விழுந்தால் கடைசிவரை இருப்பார்.

காரணங்கள், எளிதிலிருந்து:

முதலாவது, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) வெறும் நட் லோவை வைத்து ரெய்ஸ் செய்வது. வெறும் என்றால் ஹையில் உங்களிடம் ஒன்றும் இல்லை. மூன்று பேர் இருக்கும்போது ஒருவர் பெட் கட்டுகிறார், நீங்கள் ரெய்ஸ் செய்கிறீர்கள், நடுவிலிருந்தவர் ஓடிவிடுகிறார். உங்களுக்குச் சம்பளம் கொடுக்க இருந்த ஆளை நீங்களே துரத்திவிட்டீர்கள். இனி அதிகபட்சம் பாதி பாட், மோசமானால் கால் பங்கு. இந்த இடத்தில் கால் (call, அவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது) செய்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் சரி. திருத்த ஒரு பைசா செலவில்லை, கை அரிப்பைக் கட்டுப்படுத்தினால் போதும்.

இரண்டாவது, அதற்கு நேர் எதிரான தப்பு: பயந்துபோய் நட் லோவையே ஃபோல்டு செய்வது. இருவர் மட்டும் இருக்கிறீர்கள், பாட்டில் 1 டாலர், எதிராளி 1 டாலர் கட்டுகிறார் என்று வையுங்கள். நீங்கள் 1 டாலர் போட்டால் பாட் 3 டாலர். பாதி கிடைத்தால் 1.50, அதாவது 50 சென்ட் லாபம். கால்தான் கிடைத்தால் 75 சென்ட், 25 சென்ட் நஷ்டம். மூன்றில் ஒரு முறை முழுப் பாதி கிடைத்தாலே கணக்கு சமமாகிவிடும். ஆகவே கால் செய்யுங்கள், ரெய்ஸ் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, ஆரம்பக் கையிலேயே கோளாறு. ஏஸ்-2-9-ஜாக், நான்கும் நான்கு சூட்டில். ஏஸ்-2 இருக்கிறதே என்று உள்ளே வருகிறீர்கள். அதற்கு உதவியாக ஹையில் எதுவும் இல்லை. இதைத் திருத்தினால் நிறையக் கைகளை விட வேண்டியிருக்கும், பலருக்கு அது மனசு வராது.

சோதனை: நட் லோவோடு கடைசிவரை போன கைகளை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ரிவரில் எத்தனை பேர் இருந்தார்கள், நீங்கள் ரெய்ஸ் செய்தீர்களா, கிடைத்தது பாதியா காலா என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு தாள் நிரம்புவதற்குள் உங்கள் வியாதி எது என்று தெரிந்துவிடும்.

புகார் 3: "அடிக்கடி பாதி ஜெயிக்கிறேன், பேலன்ஸ் ஏறவே மாட்டேன் என்கிறது"

இருவர் ஆளுக்கு 2 டாலர் போட்ட பாட்டில் பாதி ஜெயிப்பது ஜெயிப்பே இல்லை. 5 சதவீதம் ரேக் எடுக்கும் மேஜை என்றால் 4 டாலரில் 20 சென்ட் போய், கைக்கு வருவது 1.90. நல்லபடியாக "ஜெயித்து" 10 சென்ட் இழந்திருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் லாபம் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் அள்ளும்போதுதான் வருகிறது. அதற்கு ஸ்கூப் என்று பெயர்.

முதலில் ரேக்கைப் பாருங்கள். அதே பங்கு வேறு தளத்தில் குறைவாக இருக்கலாம், ஒரு பாட்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் தளத்துக்குத் தளம் மாறும்.

அப்புறம் ஆரம்பக் கைகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் போகக்கூடிய கைகள் ஏஸிலிருந்து தொடங்கும். ஏஸ்-ஏஸ்-2-3 இரண்டு சூட் ஜோடியாக வந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ஏஸ்-2-3 கூட எதுவும், ஏஸ்-2-கிங்-குயின் ஏஸ் சூட்டோடு (ஏஸின் சூட்டிலேயே இன்னொரு சீட்டும்), ஏஸ்-3-4-5 ஏஸ் சூட்டோடு, இவையெல்லாம் நல்ல கை. ஏஸ் இல்லாத கையில் கிங்-குயின்-ஜாக்-10 ஆடலாம். ஃப்ளாப்பில் (முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டில்) பெரிய சீட்டு விழுந்தால் முழுப் பாட்டுக்கும் போட்டி, சின்னது விழுந்தால் அங்கேயே போய்விடலாம்.

காசைத் தின்பது நடுவிலிருக்கும் கைகள். 6-7-8-9 ஒமாஹா ஹை ஆட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குச் செல்லக் கை. இங்கே அது விஷம். அதில் ஸ்ட்ரெய்ட் அடிக்க வேண்டுமானால் போர்டில் பெரும்பாலும் சின்னச் சீட்டுகள் வர வேண்டும். அவை வந்தால் யாருக்காவது லோ இருக்கும். நீங்கள் பாடுபட்டு ஜெயிப்பது பாதி. மேலே பெரிய ஸ்ட்ரெய்ட் யாரிடமாவது இருந்தால் அந்தப் பாதியும் இல்லை.

சோதனை: உங்கள் பதிவில் தோற்ற கைகளின் ஆரம்ப நான்கு சீட்டை மட்டும் எழுதுங்கள். அதில் ஏஸ் இல்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் போனால் இந்த ஒரு இடத்தைத் திருத்தினாலே போதும்.

புகார் 4: "ஃப்ளாப் வரை நன்றாக இருக்கிறது, ரிவரில் கவிழ்க்கிறது"

இது துரத்தல் வியாதி. ஃப்ளாப்பில் எத்தனை சின்னச் சீட்டு விழுந்தது என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரிகிறது.

*ஃப்ளாப்பில் ஒரே ஒரு சின்னச் சீட்டு.* உங்கள் கை ஏஸ்-2-ஜாக்-9, ஃப்ளாப் கிங்-குயின்-5. நான்காவது, ஐந்தாவது சீட்டான டர்ன், ரிவர் இரண்டுமே சின்னதாக, வெவ்வேறாக, ஏஸும் 2-ம் அல்லாமல் விழ வேண்டும். வாய்ப்பு 16 சதவீதம். அதுவும் பாதிப் பாட்டுக்கு. "ஏஸ்-2 ஆச்சே" என்று ஒட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் மேஜையில் மற்றவர்களுக்குப் படியளக்கிறார்கள். ஃபோல்டு. யோசனையே வேண்டாம்.

*ஃப்ளாப்பில் இரண்டு சின்னச் சீட்டு.* அதே கை, ஃப்ளாப் கிங்-7-5. இப்போது ரிவருக்குள் லோ அமைய 59 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டில் 1 டாலர் இருக்கும்போது ஒரே எதிராளி 1 டாலரை ஆல்-இன் தள்ளுகிறார் என்று வையுங்கள். நீங்கள் கட்டினால் பாட் 3 டாலர். லோ அமைந்தால் 1.50. அதில் 59 சதவீதம் சுமார் 88 சென்ட். கட்டியது 1 டாலர். ஹையில் வேறு நம்பிக்கை இல்லையென்றால் 59 சதவீத வாய்ப்பிலும் இப்படிக் கட்டுவது நஷ்டம்! நடுவில் மூன்றாவது ஒருவரும் கட்டியிருந்தால் பாட் 4 டாலர், பாதி 2 டாலர், அதில் 59 சதவீதம் 1.18. இப்போது லாபம், ஏஸ்-2 இன்னொருவரிடமும் இல்லாத வரை. ஆள் கூடினால் லோ துரத்தலாம், ஒற்றை ஆளை எதிர்த்து வெறும் லோவைத் துரத்தக் கூடாது.

கையில் ஜாக்-9-க்குப் பதிலாக ஜாக்-3 இருந்தால், அதாவது ஏஸ்-2-3-ஜாக் என்றால், அதே 59 சதவீதம் 72 ஆகிறது. ஏஸோ 2-ஓ போர்டில் விழுந்தாலும் அந்த 3 காப்பாற்றும்.

*ஃப்ளாப்பில் மூன்று சின்னச் சீட்டு, லோ ஏற்கெனவே அமைந்துவிட்டது.* இங்கே கேள்வி உங்களுடையது நட் லோவா, அடுத்ததா என்பதுதான். ஆறேழு பேர் ஃப்ளாப் பார்க்கும் சின்ன மேஜையில் இரண்டாவது சிறந்த லோ என்பது பணம் கொடுத்துவிட்டு வருவதற்கான அனுமதிச் சீட்டு. 2-3 கையில் வைத்துக்கொண்டு போர்டில் ஏஸ் இல்லாமல் லோ துரத்துவது இந்த வகை. ஹையிலும் இதே கதை: குயின் ஃப்ளஷ், சின்ன ஸ்ட்ரெய்ட், போர்டிலேயே சின்ன செட். ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு, அதிலிருந்து இரண்டு எடுக்க ஆறு வழி உண்டு. "அவனிடம் எங்கே இருக்கப்போகிறது" என்றால் இருக்கும்.

சோதனை: ஒமாஹா ஹை-லோவுக்கென்றே இலவச ஆட்ஸ் (ஜெயிக்கும் வாய்ப்பு) கணிப்பான்கள் இணையத்தில் உண்டு. நீங்கள் துரத்திய ஃப்ளாப்புகளை அதில் போட்டுப் பாருங்கள். ஹை-லோ என்று தேர்ந்தெடுத்தீர்களா என்று கவனியுங்கள். வெறும் ஒமாஹாவில் போட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

புகார் 5: "லிமிட்டில் தாக்குப்பிடிக்கிறேன், பாட்-லிமிட்டில் ஒரே கையில் காலி"

பாட் பட்டனை அழுத்தினால் எவ்வளவு போகும் என்று தெரியாமல் அழுத்துவதுதான் பாதிக் காரணம். பாட்டில் 10 சென்ட், எதிராளி 10 சென்ட் கட்டினார். நீங்கள் பாட் அழுத்தினால் முதலில் 10 கால் ஆகிறது, பாட் 30 ஆகிறது, அதன் மேல் இன்னொரு 30 ரெய்ஸ். ஆக 40 சென்ட் போகும். டர்னிலும் ரிவரிலும் இது இப்படியே பெருகினால் 2 டாலர் என்பது மூன்று க்ளிக்.

ஆகவே புதியவர்கள் லிமிட் மேஜையில், அதாவது பெட்டின் அளவு நிலையாக இருக்கும் மேஜையில் தொடங்குவது நல்லது. தப்புக்கு ஒரு பெட்தான் விலை. அது கிடைக்காவிட்டால் பாட்-லிமிட்டில், ரிவர் வரும்போது ஸ்டாக் முழுவதும் உள்ளே போகும் கையா இது என்று ஃப்ளாப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புகார் 6: "மேஜையே கிடைப்பதில்லை"

இது உங்கள் தப்பு இல்லை. ஹோல்டெமோடு ஒப்பிட்டால் இதற்குக் கூட்டம் குறைவு. மாலை நேரத்தில் பாருங்கள், சின்ன டோர்னமெண்ட் பட்டியலையும் பாருங்கள். ஹார்ஸ் என்ற கலவை ஆட்டத்திலும் ஐந்தில் ஒன்று இதுதான், லிமிட் முறையில். ஆனால் மற்ற நான்கும் தெரியாமல் அதில் உட்கார வேண்டாம். மேஜை இல்லை என்பதற்காகப் பெரிய காசு மேஜைக்கு ஏறுவது மட்டும் கூடவே கூடாது.

புகார் 7: "டைம் அவுட், தப்பு க்ளிக், சீட்டை மாற்றிப் படித்தேன்"

ஃபோனில் நான்கு சீட்டு நெருக்கியடித்துத் தெரியும். கிளாவரும் ஸ்பேடும் ஒரே கறுப்பு. அமைப்புகளில் நான்கு நிறக் கட்டு என்ற தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். நான்கு சூட்டுக்கும் நான்கு நிறம், பெரும்பாலும் கிளாவர் பச்சை, டைமண்ட் நீலம். இந்த ஒரு மாற்றத்தில் பாதித் தப்பு நின்றுவிடும். அடுத்து, ஒரே மேஜை. ஹோல்டெமில் நான்கு மேஜை ஆடுகிறவராக இருந்தாலும் இங்கே ஒன்று. அதற்கும் அடங்காவிட்டால் வைஃபை. கடைசியில் கருவி. 2 சென்ட் மேஜைக்காக யாரும் லேப்டாப் வாங்க வேண்டாம்.

பணம் எடுக்க முடியவில்லை என்பது வேறு. அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். முடிந்தும் இழுத்தடித்தால் உதவிப் பிரிவுக்கு எழுத்தில் புகார், பதில் இல்லாவிட்டால் உரிமம் கொடுத்த அமைப்புக்கு. அதுவரை மறுபடி டெபாசிட் வேண்டாம்.

புகார் 8: "எல்லாம் சரியாகத்தான் ஆடுகிறேன், ஆனாலும் இறங்குகிறது"

ஆகலாம். நல்லபடியாக ஆடினாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் சீட்டு விழாது. அதனால்தான் குறைந்தது ஐம்பது பை-இன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 2 டாலர் மேஜைக்கு 100 டாலர், அதுவும் போனால் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்காத 100 டாலர்.

ஆனால் "அதிர்ஷ்டம் சரியில்லை" என்பது மேலே உள்ள ஏழையும் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய காரணம். பதிவுகளை உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகம். காசு வாங்கும் பயிற்சியாளர் கடைசி. நீங்கள் ஆடும் மேஜையில் மாதம் முழுக்க ஜெயித்தாலும் அவருடைய ஒரு மணி நேரக் கட்டணம் தேறாது. பல மடங்கு பெரிய மேஜைக்கு ஏறும் திட்டமும், அதைத் தாங்கும் கையிருப்பும் இருந்தால் மட்டும் அவரைத் தேடுங்கள்.

புகார் 9: "நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன்"

இதை யாரும் புகாராக எழுதுவதில்லை. ஹேண்ட் ஹிஸ்டரியின் நேரத்தைப் பார்த்தால் தெரியும். மாலை ஏழு மணிக்கு 2 சென்ட் மேஜை, பத்து மணிக்கு 10 சென்ட், விடிகாலை மூன்று மணிக்கு 1 டாலர். சீட்டெல்லாம் ஒரே மாதிரி குப்பை. அப்படி ஒரு பதிவு வந்தால் கைகளைப் பற்றி நான் பேசுவதே இல்லை.

லேசாக இருக்கும்போது: தளத்திலேயே தினசரி டெபாசிட் வரம்பு வையுங்கள். தோற்ற அன்று வைக்காதீர்கள், தெளிவாக இருக்கும் நாளில் வையுங்கள். இவ்வளவு பை-இன் போனால் எழுந்துவிடுவது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

வரம்பை நீங்களே உயர்த்திக்கொண்டே போனால்: தன்னை விலக்கிக்கொள்ளும் வசதியைப் போட்டுவிடுங்கள். பிரிட்டனில் கேம்ஸ்டாப்பில் ஒரு முறை பதிந்தால் அங்கே உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் கதவை மூடும்.

கடன் வாங்கி ஆடினால், வீட்டில் தொகையை மறைத்தால், தூக்கம் போனால், அன்றே ஆளை அழையுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பிரிட்டனில் கேம்கேர், ஒன்டாரியோவில் கனெக்ஸ்ஒன்டாரியோ. நேரில் ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது ஹேண்ட் ஹிஸ்டரியை எடுத்துப் போக வேண்டாம். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் போங்கள், கடன் அட்டையுடையதும் சேர்த்து.